மகிழுந்து வானொலியும் ஒலிநாடாவும்: தென்காசி, குற்றால வழியில் ஒரு நோக்கு

மகிழுந்தில் பொருத்தப்பெறும் வானொலியையும் ஒலிநாடாக் கருவியையும் இயக்கும் முறை, தமிழ் ஆராய்ச்சி இதழ் ஒன்றில் இடம்பெறுதற்குரிய பொருளாகுமோ எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினா முறையானதே. சில ஆண்டுகளுக்கு முன்வரை நாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். தென்காசி வட்டாரத்தில் வில்லுப்பாட்டுப் பற்றிய செய்திகளைத் திரட்டச் சென்றபோது நேர்ந்த ஒரு நிகழ்ச்சி நம் எண்ணத்தை மாற்றிற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். 1970களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம், நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் ஒப்பாரியும் ஏட்டில் ஏறியதுபோன்றே ஒலிநாடாவிலும் ஏறின. ஆய்வாளர் பதிவு செய்தவை அவற்றுட் சில. கோயிற் கொடை விழாக்களில் ஊரார் தம் விருப்பத்திற்காகப் பதிவு செய்து வைத்தவை பல. முன்னவை நிலையங்களில் ஒருவாறு காக்கப்படுகின்றன. பின்னவையோ வீட்டுப் பரண்களிலும் மரப்பெட்டிகளிலும் கிடக்கின்றன. அவற்றைக் கேட்பிக்கும் கருவிகள் பல வீடுகளில் பழுதுற்றுவிட்டன. எஞ்சி நிற்பன சில பழைய வாடகை மகிழுந்துகளின் முகப்புப் பலகையில் உள்ள கருவிகளே. எனவே அவற்றை இயக்கத் தெரிதல், ஓலைச்சுவடியைக் கிழியாமற் பிரிக்கத் தெரிதலை ஒத்ததாகின்றது.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவோம். மோட்டார் வண்டியில் வானொலியை வைத்து விற்கும் முயற்சி அமெரிக்காவில் 1930இல் கால்வின் நிறுவனத்தாரால் வெற்றி பெற்றது; அவர்கள் அதற்கிட்ட மோட்டோரோலா என்னும் பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயராயிற்று. கையடக்கமான ஒலிப்பேழையைப் பிலிப்ஸ் நிறுவனத்தார் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியிட்டனர். அதே 1963ஆம் ஆண்டிலேயே திருநெல்வேலி வானொலி நிலையமும் தோன்றியது. வானொலியும் பேழையும் ஒரே பெட்டியில் அமைந்த கருவி 1980களில் நம் நாட்டு மகிழுந்துகளிற் பரவியது. 2010ஆம் ஆண்டளவில் புதிய மகிழுந்துகளில் ஒலிநாடாக் கருவி பொருத்துவது உலகெங்கும் ஏறக்குறைய நின்றுபோயிற்று.

இக்கருவியின் முகத்தில் இரண்டு குமிழ்கள் இருக்கும். இடக்குமிழ் மின்னோட்டத்தைத் தொடக்கும். மேலும் திருகினால் ஒலியளவைக் கூட்டும். வலக்குமிழ் அலைவரிசையைத் தேடும். அவற்றிடையே எண்கள் பொறித்த கண்ணாடிப் பட்டையும், அதன்கீழ் ஐந்து அல்லது ஆறு பொத்தான்களும் அமையும். பழைய பெட்டிகளில் ஒரு நிலையத்தை ஒரு பொத்தானில் நிறுத்தி வைக்க விரும்பினால், முதலில் குமிழைத் திருகி அந்நிலையத்தைத் தெளிவாகப் பெறுதல் வேண்டும்; பின் பொத்தானை வெளியே இழுத்து, மீண்டும் முழுதும் உள்ளே அழுத்துதல் வேண்டும். அதன்பின் அப்பொத்தானை அழுத்தியபொழுதெல்லாம் முள் அவ்விடத்திற்கே வந்து நிற்கும். எண்கள் ஒளிர்கின்ற பிற்காலப் பெட்டிகளில் இழுத்தல் இல்லை. பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தாற் போதும். ஆயின் இவை தம் நினைவை மின்கலத்திலிருந்து எப்பொழுதும் வரும் ஒரு கம்பியால் காத்துக்கொள்கின்றன. பெரும்பாலான பெட்டிகளில் அக்கம்பி மஞ்சள் நிறத்தது. சாவியைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் தருவது சிவப்பு. மின்கலத்தைக் கழற்றி மாட்டிய பின் நிலையங்கள் யாவும் மறைந்துவிட்டன என வருந்துவோர், பெட்டி கெட்டுவிட்டதென்று கருத வேண்டுவதில்லை.

இனி வழியை நோக்குவோம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். மேற்கே செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தாற் கேரளம். இச்சிறு தொலைவிற்குள் வானொலியின் இயல்பு முழுதும் புலனாகிவிடும். திருநெல்வேலி நிலையம் 1197 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையிலும், திருவனந்தபுரம் நிலையம் 1161 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையிலும் பல்லாண்டுகள் ஒலிபரப்பின. பழைய கண்ணாடிப் பட்டையில் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு நகக்கண் அளவுதான். தென்காசியில் குமிழை நிறுத்திய இடத்தில் தமிழ் ஒலிக்கும். மயிரிழை திருகினால் மலையாளம் ஒலிக்கும். மேற்கே செல்லச் செல்ல முன்னது மெலிந்து பின்னது வலுக்கும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்ததை அறிந்தோர்க்கு, நிலப்படத்தில் மாறிய எல்லை வானலையில் மாறாதிருந்தமை வியப்பைத் தராது.

இங்கு இயக்குவோர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஆசியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசைப்படுத்தப்பட்டன. அமெரிக்காவிலோ அவ்விடைவெளி 10. 1197 என்பது ஒன்பதால் மீதியின்றி வகுபடும், 1161உம் அங்ஙனமே. அமெரிக்க முறையில் அமைந்த எண்ணொளிப் பெட்டியை இங்குக் கொணர்ந்து மாட்டினால் அது 1190இலும் 1200இலும் நிற்குமேயன்றி 1197இல் நில்லாது. ஒலி கரகரத்துக் கேட்கும். பெட்டியின் அடியிலோ பட்டியலிலோ உள்ள மாற்றியை ஒன்பதிற்குத் திருப்பிவிடின் குறை நீங்கும். வெளிநாட்டினின்று உறவினர் கொண்டுவந்த பெட்டியை, தரமற்றதென்று ஒதுக்கிவிட்ட வீடுகளை நாம் அறிவோம்.

மத்திய அலையின் நீளம் பெரிது. 1197 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 250 மீட்டர். ஆதலின் அது நிலத்தைத் தழுவி வளைந்து, சிறு குன்றுகளைக் கடந்து செல்ல வல்லது. பண்பலையின் நீளமோ ஏறத்தாழ 3 மீட்டரே. அது பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. மலை மறித்தால் மறைந்துபோவது. தென்காசிச் சமவெளியிற் கணீரென ஒலிக்கும் பண்பலை, புளியரையின் எஸ் வளைவில் ஒரு வளைவுக்கு ஒலித்து மறுவளைவில் இரைச்சலாவது இதனால்தான். அங்கு ஓட்டுநர் குமிழைத் திருகித் தேடுவது பயனற்ற செயல். இடர் தரும் செயலுமாம். சமவெளியிலேயே பொத்தான்களை அமைத்துக்கொண்டு புறப்படுவதும், மலைவழியில் நாடாவிற்கு மாறிவிடுவதும் இவ்வழியில் ஓட்டுவோரிடம் நாம் கண்ட வழக்கம். ஏரியல் கம்பியையும் கருதுதல் வேண்டும். பண்பலைக்கு அலைநீளத்தின் காற்பங்கு, அஃதாவது முக்கால் மீட்டர் அளவு கம்பியை இழுத்து நிறுத்துவது நன்று. மத்திய அலைக்கு முழுதும் இழுத்தல் நலம். பெட்டியின் ஓரத்தில் ஏரியல் செருகும் துளையருகே சிறு திருகாணி ஒன்று பல பெட்டிகளில் உண்டு. 1400ஐ அடுத்துள்ள மெலிந்த நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு அத்திருகாணியை மெல்லத் திருப்பி, ஒலி மிகும் இடத்தில் விட்டுவிட வேண்டும். இதனைச் செய்யாமலேயே ஆண்டுக்கணக்கில் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டவர் பலர்.

எஞ்சினைத் தொடக்கியவுடன் மத்திய அலையிற் படபடவென ஒலி எழுந்து, வேகம் கூடக்கூட அதுவும் விரைவுறின், அது பெட்ரோல் எஞ்சினின் தீப்பொறியால் எழுவது. தீப்பொறிக் கம்பிகளைச் சீர்செய்தால் தணியும். டீசல் வண்டியில் தீப்பொறியே இல்லையாதலின் இவ்வொலியும் இல்லை. வாடகை வண்டிகளுள் டீசல் அம்பாசிடரின் பெட்டி ‘சுத்தமாகப் பாடும்’ என்று பெயர் பெற்றதற்கு இது ஒரு காரணம் போலும்.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். வானொலி, அலைவரிசை, பண்பலை, ஒலிப்பேழை, ஒலிநாடா என நூலோர் ஆக்கிய பெயர்கள் நல்லனவே. மக்கள் வழக்கில் ரேடியோ, ஸ்டேஷன், கேசட், ஏரியல் என்பனவே நின்றன. பெயர்கள் திசைச்சொற்களாய் வந்து நிலைத்தன என்க. ஆயின் வினைகளை நோக்கின் வேறு காட்சி தோன்றும். அவற்றுள் ஒன்றேனும் கடன் பெற்றதன்று. ‘ஸ்டேஷன் பிடித்தல்’ என்பர். நிலையத்தை ஓடும் பொருளாகவும் கேட்பவரை அதனைப் பற்றுபவராகவும் வைத்துச் சொல்லிய சொல் இது. ‘இந்தப் பெட்டி சிலோன் எடுக்கும்’ என்பதில் எழுவாய் கேட்பவர் அல்லர், பெட்டியே எழுவாய். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தென்தமிழ்நாடு முழுதும் விரும்பிக் கேட்ட காலத்தில், ஒரு பெட்டியின் தகுதியை அளக்க இத்தொடரே கோலாயிற்று. நிலையம் வாராதபோது ‘பிடிக்க மாட்டேன் என்கிறது’ எனப் பெட்டிக்கு ஒரு மனத்தையும் நம்மவர் ஏற்றிவிட்டனர். பெயர் ஆக்குதற்கு நாம் எடுத்துக்கொண்ட உழைப்பில் ஒரு சிறு பங்கையேனும் இவ்வினைகளைத் தொகுத்தற்குச் செலவிட்டோமில்லை என்பது நம் குறை.

ஒலிநாடாவைப் பற்றி இனி விரிப்போம். பேழையினுள் உள்ள நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது விநாடிக்கு 4.76 செ.மீ. விரைவில் ஓடுதல் வேண்டும். பக்கத்திற்கு அரைமணி ஒலிக்கும் அறுபது நிமிடப் பேழையில் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா உண்டு. தொண்ணூறு நிமிடப் பேழையில் ஏறத்தாழ 129 மீட்டர். அதே கூட்டினுள் இவ்வளவும் அடங்க வேண்டியிருத்தலின் அந்நாடா மெல்லியது. நூற்றிருபது நிமிட நாடா இன்னும் மெல்லியது. அதனை மகிழுந்திற் பயன்படுத்தாதீர் எனக் கருவியோடு வரும் கையேடுகள் எச்சரிப்பதன் காரணம் இதுவே. கொடை விழாவில் வில்லுப்பாட்டு விடிய விடிய நிகழ்வது. இடையிடையே பேழையை மாற்ற மனமின்றி ஊரார் நீண்ட பேழைகளையே வாங்கினர். ஆகவே நாம் காக்க விரும்பும் பதிவுகள், கெடுதற்கு எளிய நாடாக்களிலேயே பல அமைந்துவிட்டன.

பேழையை நுழைத்தவுடன் வானொலி தானே அடங்கும். நாடா ஓடத் தொடங்கும். பெரும்பாலான மகிழுந்துக் கருவிகளில் நாடா வெளித்தெரியும் விளிம்பு வலப்பக்கமாகவும், கேட்க வேண்டிய பக்கம் மேலாகவும் இருத்தல் வேண்டும். உள்ளே நிகழ்வது யாது? ஒரு மெல்லிய எஃகுத் தண்டும் ரப்பர் உருளையும் நாடாவை இடையில் வைத்து நெருக்கி, ஒரே சீரான விரைவில் இழுக்கின்றன. நாடா காந்த முகத்தை உரசிச் செல்கின்றது. அதில் பதிந்துள்ள காந்த வேறுபாடு மின் வேறுபாடாகிப் பின் ஒலியாகின்றது. இழுத்துவிட்ட நாடாவை மற்றொரு சக்கரம் சுற்றிக்கொள்கின்றது. இழுப்பவை வேறு, சுற்றுவது வேறு என்பதை மனத்திற்கொள்க. துன்பம் முழுதும் இவற்றின் ஒற்றுமைக்கேட்டால் வருவதே.

முன்னோக்கி விரைவாகச் சுற்றவும் பின்னோக்கிச் சுற்றவும் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்றை முழுதும் அழுத்தினால் அது உள்ளேயே நிற்கும். மற்றதை மெல்லத் தொட்டால் விடுபடும். இரண்டையும் ஒருங்கே அழுத்தினால், ஆட்டோ ரிவர்ஸ் உள்ள கருவிகளில், பேழையை எடுக்காமலே மறுபக்கம் ஒலிக்கும். பேழையை வெளியேற்றும் பொத்தானை இறுதிவரை ஒரே அழுத்தாக அழுத்துதல் வேண்டும். எஞ்சினை நிறுத்துமுன் பேழையை வெளியே எடுத்துவிடுவது நல்ல பழக்கம். பழைய கருவிகளில் அவ்வாறு செய்யாவிடின் உருளை தண்டோடு நெருங்கிய நிலையிலேயே கிடந்து அழுந்தும். உருளையில் பள்ளம் விழும். பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி நடுங்கும். மகிழுந்துக் கருவி பெரும்பாலும் கேட்பதற்கு மட்டுமே உரியது, பதிவு செய்யாது. ஆதலின் தவறான பொத்தானால் பழைய ஒலி அழியுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டியவை வெயிலும் அழுக்கும் ஈரமுமே.

இங்கும் வினைகளைக் காண்க. பேழையைப் ‘போடுவர்’, பக்கத்தைத் ‘திருப்புவர்’, நாடாவைச் ‘சுற்றுவர்’, வேண்டாத பாட்டை ‘ஓட்டிவிடுவர்’. ஓட்டுதலும் திருப்புதலும் வண்டிக்கும் நாடாவிற்கும் பொதுவாக நின்றன. கருவி நாடாவை உள்ளிழுத்துச் சிக்கலாக்கினால் அது நாடாவைத் ‘தின்றுவிட்டது’ என்றனர். ‘மென்றுவிட்டது’ என்போரும் உளர். வெளியே எடுத்த நாடாவைக் கண்டோர் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை உணர்வர். அறுந்தது தின்றது; நெளிந்து நைந்தது மென்றது.

தொடக்கத்திற் குறித்த நிகழ்ச்சிக்கு வருவோம். குற்றாலத்திற் சாரல் பொழியும் ஓர் ஆடித் திங்கள். காலஞ்சென்ற வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவரின் மகளார், தம் தந்தையாரின் குரல் பதிந்த ஒரே பேழையை எடுத்துக்கொண்டு நம்முடன் ஒரு பழைய அம்பாசிடரில் வந்தார். அது 1980களில் ஒரு கொடையிற் பதிந்தது. தொண்ணூறு நிமிடப் பேழை. அவர் வீட்டுக் கருவி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டமையின், அத்தனை ஆண்டுகளாக அக்குரலை அவர் கேட்கவில்லை. பின்னிருக்கையில் அமர்ந்து, முந்தானையாற் பேழையைத் துடைத்து நம்மிடம் தந்தார். ஓட்டுநர் அதனைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, உடனே போட்டுறாதிய, ஒரு சுத்து சுத்திட்டுப் போடுவோம்” என்றார். நாம் கேட்டோமில்லை. நூல் பல கற்றோம் என்னும் எண்ணமும், கேட்கும் ஆவலும் நம்மை அவசரப்படுத்தின. போட்டோம். வில்லின் மணியோசையும் உடுக்கையும் எழுந்தன, குரல் எழுந்தது. அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். சில நிமிடங்களில், ஐந்தருவிச் சாலையில், குரல் தடித்து, நெளிந்து, நின்றது.

காரணம் எளிது. நெடுநாள் அசையாது கிடந்த நாடாவின் சுற்றுக்கள் ஒன்றோடொன்று சிறிது ஒட்டியிருந்தன. அவற்றை முதலில் இறுதிவரை சுற்றி, மீண்டும் தொடக்கத்திற்குச் சுற்றியிருப்பின் அவ்வொட்டு விட்டிருக்கும். ஓட்டுநர் சொன்னது இதுவே. அதனோடு சாரற்காலத்து ஈரக்காற்றும் சேர்ந்தது. இரவெல்லாம் குளிர்ந்திருந்த எஃகுத் தண்டில் ஈரம் படியும். ஈரத் தண்டில் நாடா ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நாடாவைச் சுற்றும் சக்கரம் இழுக்கமாட்டாது. நாடா தண்டையே சுற்றிக்கொள்ளும். குற்றாலத்தில் ஆனி, ஆடி, ஆவணித் திங்களில் பழம்பேழையைப் போடுமுன், எஞ்சினை ஓட்டி வானொலியைக் கால்மணி நேரம் பாடவிட்டுப் பெட்டி சூடேறியபின் போடுதல் வேண்டும்.

பதற்றத்தில் நம் கை வெளியேற்றும் பொத்தானை நாடிற்று. ஓட்டுநர் தடுத்தார். அப்பொழுது அழுத்தியிருப்பின் பேழை வெளியே வந்திருக்கும். நாடா உள்ளேயே அறுந்திருக்கும். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பிப் பெட்டியை அணைத்தார். பின் பேழையை விரலளவு மட்டும் வெளியே வரச்செய்து, நகத்தால் நாடாவைத் தண்டிலிருந்து ஒவ்வொரு சுற்றாக எதிர்த்திசையில் விடுவித்தார். அறுகோணப் பென்சில் ஒன்றைப் பேழையின் சக்கரத்தில் செருகி மெல்லத் திருகித் தளர்ந்த நாடாவை உள்ளே ஏற்றினார். சக்கரத்திற்கு ஆறு பற்கள் உண்மையின் அறுகோணப் பென்சில் அதிற் பொருந்தும்; வட்டப் பென்சில் வழுக்கும். இவ்வளவும் நிகழ ஏறத்தாழ அரைமணி சென்றது. அம்மையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெருந்தண்டனையாய் இருந்தது. நாடா அறவில்லை. ஒரு சாண் அளவு நெளிந்துவிட்டது. காலக் கணக்கில் அது ஐந்து விநாடிக்கும் குறைவு.

அதன்பின் அப்பேழையை நாம் மகிழுந்திற் போடவில்லை. ஓட்டுநர் தம் வண்டியின் பெட்டியையே கழற்றித் தந்தார். 12 வோல்ட் மின்சாரம் தந்து மேசைமீது இயக்கினோம். காந்த முகத்தையும் தண்டையும் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்தோம்; பஞ்சு பழுப்பேறாது வெளிவரும்வரை துடைத்தல் வேண்டும். ஆல்ககால் முற்றும் உலர்ந்த பின்னரே பேழையைப் போடலாம். பேழையினுள் நாடாவைக் காந்த முகத்தோடு அணைக்கும் சிறு கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்துள்ளதா எனவும் பார்த்துக்கொண்டோம். ஒலி மழுங்கியிருந்தமையால், காந்த முகத்தின் பக்கத்திலுள்ள திருகாணியை இம்மியளவு திருப்பினோம். பதிவு செய்த கருவியின் முகம் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் கேட்கும் கருவியின் முகமும் இருந்தால்தான் சகர, தகர ஒலிகள் தெளியும். மறுபக்கத்தைக் கேட்க ஆட்டோ ரிவர்ஸை நம்பாது பேழையையே எடுத்துத் திருப்பினோம்; இருதிசையிலும் முகத்தின் சாய்வு ஒத்திருத்தல் அரிது.

கணிப்பொறியில் பதிவு செய்ய விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பிற்கால மகிழுந்துப் பெட்டிகள் பலவற்றில் ஒலிபெருக்கிக்குச் செல்லும் இரு கம்பிகளுள் எதுவும் தரைக்கம்பி அன்று. ஒன்றைத் தரையோடு இணைத்தால் பெட்டி எரிந்துபோகும். பெட்டியின் பின்புறத்தில் ஒலிபெருக்காத வெளியீட்டுத் துளைகள் இருப்பின் அவற்றிலிருந்தே எடுத்தல் வேண்டும். நம் பெட்டியில் நல்வாய்ப்பாக அவை இருந்தன.

தொண்ணூறு நிமிடமும் படியெடுத்தாயிற்று. படியை அம்மையாரிடம் தந்து, நெளிந்த அச்சாண் நீளத்தில் தந்தையார் பாடியது யாதென வினவினோம். அவ்விடத்தில் ஓர் ஊர்ப்பெயர் வரும் என்றார். ஆனால் தந்தையார் எந்த ஊர்க் கொடையிற் பாடுகின்றாரோ அந்த ஊரின் பெயரையே அங்கு வைத்துப் பாடுவது வழக்கம் என்றும், இக்கொடை எந்த ஊரினது என்பது தமக்கு நினைவில்லை என்றும் கூறினார். இரண்டு ஊர்களின் பெயர்களைச் சொன்னார். பின் இரண்டுமில்லை போலும் என்றார். எழுத்துப்படியில் அவ்விடத்தை வெற்றிடமாகவே விட்டுள்ளோம்.